ஆபரேஷன் பண்ணியுமா இப்படி?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஏலக்காய் சீசன் வந்தா நமக்கு எழுத நேரம் இருக்காதுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். ஆனா இந்தத் தடவை நேரம் மட்டும் காரணம் இல்லை. எழுத வேண்டிய விஷயம் என் உடம்பு. அதனாலயே தள்ளிப் போட்டுக்கிட்டு வந்தேன். போன வாரம் ஜீப்புல ஒரு பொண்ணு கேட்ட கேள்வி, இன்னிக்கு உக்கார வச்சிருச்சு.

போடியில விடிகாலைல தோட்டத்து ஜீப்புங்க கிளம்புறதைப் பாத்திருப்பீங்க. முந்தல் தாண்டினா 17 கொண்டை ஊசி வளைவு. மேல போடிமெட்டு. அந்தப் பக்கம் இறங்கினா பூப்பாறை, கேரளா. வண்டி நிறைய காய் எடுக்கப் போற பொம்பளைங்க, தூக்குவாளியும் மழைக்குப் போத்துற பிளாஸ்டிக் தாளுமா. நான் காய் எடுக்குறவ இல்லை, கணக்குப் பாக்குறவ. வாரத்துல மூணு நாள் மேல போவேன். சாயங்காலம் ஒவ்வொருத்தரும் எடுத்த பச்சைக்காயைத் தராசுல வச்சு, பேருக்கு நேரா எழுதுறது என் வேலை. ஊர்க் காயையெல்லாம் எடை போடுறவ, தன் எடையை மட்டும் பல வருசம் யார் கண்ணுலயும் காட்டாம ஓட்டினேன் :-)

அந்தப் பொண்ணுக்கு 26 வயசு இருக்கும். ஒரு குழந்தை. பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு ஏறி இறங்கவே இல்லை. மூணாவது வளைவுல மெதுவா என் பக்கம் சாஞ்சு, "யக்கா, நீங்க வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களாமே... நானும் பண்ணிக்கலாமாக்கா?"ன்னு கேட்டா.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பின்சீட்டுல இருந்து ஒரு ஆத்தா, "ஆமா, அவ பண்ணி என்னத்தக் கண்டா? ஆபரேஷன் பண்ணியுமா இப்படி?"ன்னுச்சு. வண்டியே சிரிச்சது. நானும் சேந்து சிரிச்சேன். வேற என்ன பண்றது? ஆனா போடிமெட்டு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

சரி, கொசுவத்தியைச் சுத்திருவோம்.

2019ஆம் வருசம் என் எடை 112 கிலோ. உயரம் 155 சென்டிமீட்டர். சர்க்கரைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வேளை இன்சுலின் ஊசி. ராத்திரி குறட்டையில நானே திடுக்குனு முழிச்சுக்குவேன். தோட்டத்துச் சரிவுல ஒரு தட்டு ஏறி இறங்குறதுக்குள்ள முட்டி கெஞ்சும். பேலியோ, கொள்ளு ரசம், நடைப்பயிற்சி, பட்டினி எல்லாம் பாத்தாச்சு. அஞ்சு கிலோ போகும், ஏழு கிலோ வரும்.

அரசியல்வாதிங்க பண்ணிக்கிட்ட ஆபரேஷன்தான் இதுன்னு தெரிஞ்சப்ப நம்பிக்கை வந்துச்சு. நிதின் கட்கரி 2011ல, அருண் ஜெட்லி 2014ல பண்ணிக்கிட்டதெல்லாம் பேப்பர்லயே வந்த சேதி. அவங்களே பண்ணிக்கிறாங்கன்னா நமக்கு என்னன்னு ஒரு எண்ணம். இருந்த நகையில பாதியை அடகு வச்சு, ஒரு பெரிய ஊர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேந்தேன். பேரெல்லாம் வேணாம்.

எனக்குப் பண்ணினது 'ஸ்லீவ்'. வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, இரைப்பையில முக்கால் பாகத்துக்கும் மேல வெட்டி எடுத்துருவாங்க. மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு நிக்கும். பசியைத் தூண்டுற கிரெலின்ங்கிற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையோட மேல் பாகத்துலதான் சுரக்குதாம். 1999ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சது. அந்தப் பாகமும் சேந்தே போயிருதுங்கிறதால, சாப்பாட்டு அளவு மட்டும் இல்லை, பசியும் குறையும்.

அட்மிஷனுக்கு முந்தி ஒரு பொண்ணு பிரிண்ட் எடுத்த தாளைக் காட்டி, "60 சதவீதம் வரைக்கும் குறையும் மேடம்"னுச்சு. நான் கணக்குப்பிள்ளை இல்லையா? மனசுக்குள்ளயே போட்டேன். 112ல 60 சதவீதம்னா 67 கிலோ போகும், 45 நிக்கும். அவ்ளோ குறைஞ்சா நல்லா இருக்காது, 60 கிலோவுல நின்னா போதும்னு நானே பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தேன். வீட்டுலயும் அதையே சொன்னேன். எங்க அத்தை தெரு பூராம் சொல்லிட்டாங்க.

ஆரம்பத்துல அமோகம். மூணு வாரத்துல இன்சுலினை நிறுத்தினாங்க. மாசாமாசம் அஞ்சு கிலோ, ஆறு கிலோ. நாலாவது மாசம் முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு, அப்புறம் தானா நின்னுச்சு. 2021 தொடக்கத்துல 81 கிலோ. அங்க வந்து நின்னது நின்னதுதான். ஒரு வருசம் முள்ளு அசையலை. அப்புறம் அசைஞ்சது, மேல பாத்து. 84, 87, 90... இப்போ 92.

எப்படி ஏறுச்சுன்னு ஒளிக்காம சொல்றேன். கறி மூணு துண்டுக்கு மேல இறங்காது. இட்லி ரெண்டாவதுலயே நெஞ்சுல நிக்கும். ஆனா மிக்சர் ஒரு பொட்டலம் நோகாம இறங்கும். பாலும் சீனியும் தூக்கலாப் போட்ட டீ எத்தனை வேணாலும் இறங்கும். மலையில குளிருக்கு ஒரு நாளைக்கு ஆறு டீ. வயித்தைத்தான் வெட்டினாங்க, நாக்கு அப்படியேதான இருக்கு? அதோட, ரெண்டாவது வருசத்துல பசியும் மெல்ல எட்டிப் பாத்துச்சு. திரும்பி வந்த சொந்தக்காரன் மாதிரி, போகவே இல்லை.

முழுத் தப்பும் என்னுதுன்னு முடிவு பண்ணிட்டேன். நகையை வச்சு, வயித்தை வெட்டியும் திருந்தாத ஜென்மம்னு என்னை நானே திட்டிக்கிட்டேன். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை. அவர் ஒண்ணும் சொல்லாததுதான் ரொம்ப வலிச்சுது. கல்யாண வீடுகளுக்குப் போறதை விட்டேன். அதைவிட மோசமா ஒண்ணு பண்ணேன். செக்கப்புக்குப் போறதையும் நிறுத்தினேன். தராசுல ஏத்துவாங்களே, அந்த வெக்கம்தான். ரெண்டு வருசம் போகலை. சத்து மாத்திரையும் தீந்ததோட சரி, வாங்கலை.

2023 மழைக்காலம். பாதம் ரெண்டும் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. சர்க்கரையாலன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு நாள் தோட்டத்துல ஈரச் சரிவுல கால் எங்க பதியுதுன்னே தெரியாம வழுக்கி, ஏலச் செடி மேல போய் விழுந்தேன். நல்லவேளை, செடி தாங்குச்சு. கீழ விழுந்திருந்தா பாறை.

தேனியில ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ரத்தம் எடுத்துப் பாத்தா, பி12 அடிமட்டத்துல கிடக்கு. இரும்புச் சத்தும் குறைவு. இரைப்பையை வெட்டினவங்களுக்கு பி12 உடம்புல ஒழுங்கா ஏறாது, ஆயுசு பூராம் மாத்திரையோ ஊசியோ போடணும், வருசா வருசம் ரத்தம் பாக்கணும்னு அந்தம்மா சொன்னாங்க. விட்டிருந்தா நரம்பு நிரந்தரமாக் கெட்டிருக்குமாம். எடை ஏறினது என்னை விழ வைக்கலைங்க. எடை ஏறுன வெக்கத்துல ஆஸ்பத்திரிக்குப் போகாததுதான் விழ வச்சது. இந்தப் பதிவுல ஒரே ஒரு வரி ஞாபகம் வச்சுக்கறதா இருந்தா, இதை வச்சுக்கோங்க.

அன்னிக்குத்தான் அந்த 60 சதவீதத்தோட கணக்கும் உடைஞ்சது. அந்தம்மா மருந்துச் சீட்டோட பின்பக்கம் எழுதிக் காட்டினாங்க. என் உயரத்துக்கு பி.எம்.ஐ. 25ன்னு வச்சா 60 கிலோ இருக்கணும். 112ல 60 போனா 52. இந்த 52தான் 'கூடுதல் எடை'. ஆஸ்பத்திரிக்காரங்க சொல்ற 60 சதவீதம் இந்த 52ல! அதாவது 31 கிலோ. 112ல 31 போனா 81.

81! நான் தொட்ட அதே எண். எனக்கு ஆபரேஷன் தோத்துப் போகவே இல்லை. சொன்னபடிதான் நடந்திருக்கு. எதுல 60ன்னு நானும் கேக்கலை, அவங்களும் சொல்லலை. தினமும் மொத்த எடை, சாக்கு எடைன்னு கழிச்சு எழுதுறவ நான். இதுல போய் கோட்டை விட்டேன் பாருங்க.

திரும்ப ஏறினதும் எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லையாம். வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படிச்சேன். சுவீடன்ல 1987ல ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கானவங்களை வருசக்கணக்கா பின்தொடர்ந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. பைபாஸ் ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு முதல் ஒண்ணு ரெண்டு வருசத்துல மொத்த எடையில 32 சதவீதம் போயிருக்கு. 10 வருசம் கழிச்சுப் பாத்தா 25தான். இரைப்பையில பட்டை கட்டினவங்களுக்கு 20 போய், 14ல நின்னிருக்கு. எனக்குப் பண்ணின ஸ்லீவுக்கு, பின்லாந்துக்காரங்க 10 வருசக் கணக்கை 2022ல வெளியிட்டாங்க. கூடுதல் எடையில சுமாரா 43 சதவீதம் குறைஞ்சு நின்னிருக்கு. என்னோட இன்னிக்குக் கணக்கு 38. கொஞ்சம் மட்டம்தான், ஆனா ஃபெயில் இல்லை. நம்ம போடிமெட்டு ரோடு மாதிரிதான் எல்லாருக்கும் போல. ஏறினவங்க கொஞ்சமாவது இறங்கித்தான் ஆகணும்.

உடம்பு இளைச்சதும் அது செலவு பண்ற சக்தியையும் குறைச்சுக்குது. பசியைக் கூட்டுது. பஞ்சம் வந்துருச்சுன்னு நினைச்சுக்குதாம். ஏலக்காய்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். அஞ்சு கிலோ பச்சைக்காயை ஸ்டோர்ல காயவச்சா ஒரு கிலோ சொச்சம் வரும். அதை அப்படியே திறந்து போட்டா மலை ஈரத்தை இழுத்துக்கும். அதுக்காக ஸ்டோரைக் குத்தம் சொல்ல மாட்டோம், காயையும் திட்ட மாட்டோம். பாலிதீன் பை போட்டு சாக்குல கட்டி வைப்போம், அப்பப்போ பிரிச்சும் பாப்போம். ஆபரேஷன்ங்கிறது ஸ்டோர் மட்டும்தான். கட்டி வைக்கிற வேலை ஆயுசுக்கும் இருக்கு. அதை யாரும் எனக்கு முதல்லயே சொல்லலை.

ஊசி போட்டா இளைக்கலாம்னு இப்போ புதுசா பேச்சு. 2025 மார்ச்ல மவுன்ஜாரோ, ஜூன்ல வெகோவின்னு இந்தியாவுக்கு வந்தாச்சு. அந்தம்மாகிட்ட அதையும் கேட்டேன். எனக்கு வேணும்னா பின்னாடி யோசிக்கலாம்னாங்க. ஆனா அதுலயும் இதே கதைதான். வெகோவியில இருக்குற மருந்தை நிறுத்தினவங்களுக்கு ஒரே வருசத்துல, குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்திருக்குன்னு 2022ல வந்த ஆய்வு சொல்லுது.

அப்போ எனக்கு ஏமாத்தமே இல்லையான்னா, இருக்குங்க. பொய் சொல்ல மாட்டேன். வயித்துத் தோல் தொங்குது. முட்டி இன்னும் வலிக்குது. ஜீப்புல இன்னும் முன்சீட்டுதான், ஏன்னு எல்லாருக்கும் தெரியும். அடகு வச்ச நகையில ரெண்டு இன்னும் மீளலை. ஆனா இன்சுலின் ஊசி இல்லை, ஒரே ஒரு மாத்திரைதான். மூணு மாச சர்க்கரை அப்போ 9.4, இப்போ 6.8. குறட்டை இல்லை, முழு ராத்திரி தூங்குறேன். இதெல்லாம் கண்ணாடியில தெரியாது. பின்சீட்டு ஆத்தாவுக்கும் தெரியாது.

சாயங்காலம் எடை போட்டு முடிச்சதும் அந்தப் பொண்ணைத் தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சேன். பண்ணிக்கோன்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. கேக்க வேண்டிய கேள்விகளைத்தான் சொன்னேன்.

"எத்தனை சதவீதம்னு சொன்னா, எதுல சதவீதம்னு கேளு. ஒரு வருசக் கணக்கைக் காட்டினா, அஞ்சு வருசம், பத்து வருசக் கணக்கைக் கேளு. மயக்கம் குடுத்துப் பண்றது, உயிருக்கு ஆபத்தே இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாத. 2024 ஏப்ரல்ல சென்னையில இந்த ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரிப் பையன் செத்தே போனான், கவர்மெண்டு விசாரணை வரைக்கும் போச்சு. உன் மாமியா அடுத்த பிள்ளை எப்பன்னு கேக்குதுல்ல? பண்ணிக்கிட்டா ஒரு வருசத்துல இருந்து ஒன்றரை வருசம் வரைக்கும் பிள்ளை உண்டாகக் கூடாது. ஆயுசுக்கும் சத்து மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் வருசா வருசம் காசு எடுத்து வைக்க முடியுமான்னு பாரு. முதல்ல தைராய்டும் சர்க்கரையும் டெஸ்ட் பண்ணு."

எல்லாத்தையும் கேட்டுட்டு, "நீங்க திரும்பப் பண்ணிக்குவீங்களாக்கா?"ன்னா.

கொஞ்ச நேரம் யோசிச்சேன். "பண்ணிக்குவேன். ஆனா 60 கிலோ ஆவேன்னு அத்தைகிட்ட சொல்ல மாட்டேன்"னேன்.

சிரிச்சா. அப்புறம் என்ன நினைச்சாளோ, காய் நிறுக்குற தராசுல போய் ஏறி நின்னா. "யக்கா, எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

பாத்துச் சொன்னேன். எவ்வளவுன்னு இங்க எழுத மாட்டேன். அவ இறங்கினதும் நானும் ஏறினேன், அவ எதுக்கவே. 92. அவளும் யாருகிட்டயும் சொல்லலை. நானாத்தான் உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கணக்குப்பிள்ளை. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேணாம். ஆனா ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணிட்டு, எடை ஏறிருச்சேன்னு வெக்கப்பட்டு செக்கப்புக்குப் போகாம இருக்குறவங்க யாராவது இருந்தா, திங்கக்கிழமையே கிளம்பிப் போய் பி12 பாத்துருங்க. தராசுல ஏத்துவாங்கதான். ஏறிக்கலாம், பரவால்ல.