ஏழு அரசர் ஆளும் ஒரே நாடு

எம் புதல்வன் ஷார்ஜாவில் குடியிருக்கிறான், உத்தியோகம் துபாயில். சென்ற டிசம்பர்த் தொடக்கத்தில் மும்பையிலிருந்து நாங்கள் இருவரும் புறப்பட்டுச் சென்று, அவன் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கியிருந்தோம். திரும்பியதும் சங்கத்து அன்பர்கள் பலர், "அங்கே அரசர் யார்?" என்று வினவினர். ஒரு சொல்லில் விடையிறுக்க இயலாத வினா அது.

விமான நிலையத்திலிருந்து காரில் செல்கையில், "துபாய் முடிந்துவிட்டது, அப்பா" என்றான் மகன். சாவடியும் இல்லை, காவலரும் இல்லை. எனினும் அக்கண்ணுக்குப் புலனாகாத கோட்டைத் தாண்டியதும் அரசர் வேறு, போலீஸ் வேறு. மின்சாரக் கட்டணச் சீட்டை அனுப்பும் நிலையமும் வேறு. துபாயில் உரிமம் பெற்ற இடங்களில் கிடைக்கும் மது, ஷார்ஜாவில் முற்றிலும் விலக்கு. காரின் எண் பலகையைக் கண்டே அது எவ்வரசருடைய நாட்டு வண்டி என்று அறியலாம்.

இக்கடற்கரையின் சிற்றரசுகள் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தவை. 1966 வரை அங்கே வழங்கியது நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வளைகுடா ரூபாய் என்றால் இளையோர் நம்பமாட்டார்கள். 1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் வெளியேறுவதாகப் பிரிட்டன் அறிவித்தது. அடுத்த மாதமே அபுதாபியின் ஷேக் ஸாயிதும் துபாயின் ஷேக் ரஷீதும் பாலையில் சந்தித்து, ஒன்றுபட இசைந்தனர். பஹ்ரைனும் கத்தாரும் பேச்சில் கலந்து, பின்னர்த் தனி வழி சென்றன. 1971 டிசம்பர் 2 அன்று அபுதாபி, துபாய், ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், ஃபுஜைரா ஆகிய ஆறும் இணைந்தன. 1972 பிப்ரவரியில் ராஸ் அல் கைமாவும் சேர்ந்தது. அதே 1971 டிசம்பரில்தான் நம் நாட்டில் சமஸ்தான மன்னர்களின் மானியமும் பட்டங்களும் அரசியல் சட்டத் திருத்தத்தால் நீங்கின. இங்கே அரசர்கள் மறைய, அங்கே அரசர்களே கூடி நாடு சமைத்தனர்!

ஏழு அரசரும் அமர்ந்த உச்ச மன்றமே அந்நாட்டின் தலையாய அதிகாரம். ஆளுக்கு ஒரு வாக்கு. ஆனால் முக்கிய விஷயங்களில் ஐவர் இசைய வேண்டும். அவ்வைவரில் அபுதாபியும் துபாயும் இருந்தே தீர வேண்டும். சமத்துவம் என்று சொல்லி, இருவர் கையில் மட்டும் தடுக்கும் உரிமையைத் தந்த ஏற்பாடு இது! குடியரசுத் தலைவரை மன்றம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறது. இதுவரை அப்பதவி அபுதாபி அரசரையே அடைந்துள்ளது: 2004 வரை ஷேக் ஸாயித், பின்னர் ஷேக் கலீஃபா, 2022 முதல் ஷேக் முகமது பின் ஸாயித். பிரதம மந்திரி பதவி துபாய் அரச குடும்பத்தை விட்டு அகன்றதில்லை. நாற்பது உறுப்பினர் கொண்ட தேசிய மன்றம் ஒன்றும் உண்டு; 2006 முதல் அதில் பாதிப்பேரைத் தேர்வுபெற்ற குடிமக்கள் தொகுதி தேர்ந்தெடுக்கிறது. அது ஆலோசனை கூறலாம், ஆணையிட இயலாது.

படை, நாணயம், வெளியுறவு, குடியுரிமை ஆகியவை ஒன்றியத்தின்பால் உள்ளன. எண்ணெய் வளமோ, அரசியல் சட்டத்தின்படி, எந்த மண்ணில் உள்ளதோ அந்த அரசுக்கே உரியது. பெரும்பங்கு அபுதாபி மண்ணில் இருப்பதால், தலைமை ஏன் அங்கே தங்கிற்று என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை. இவ்விரு அரசுகளின் எல்லையில் 'கராமா' என்றொரு புதுத் தலைநகர் எழுப்புவதாக முதலில் எழுதி வைத்தனர். அது எழவேயில்லை, 1996-இல் அபுதாபியே நிலையான தலைநகராயிற்று. (நம்மவர் இட்டலி தேடிச் செல்லும் துபாய்க் கராமா வேறு.)

இவற்றையெல்லாம் எம் மருமகள் வேறு விதமாக அறிந்திருக்கிறாள். 2022 ஜனவரியில் ஒன்றிய அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறாக்கி, வெள்ளியை அரைநாள் வேலையாக்கிற்று. ஷார்ஜா மட்டும் வெள்ளி முழுவதையும் விடுமுறையாக்கியது. மருமகள் ஷார்ஜாப் பள்ளியில் ஆசிரியை. குழந்தைகளும் அங்கேயே பயில்கின்றனர். மகனுக்கோ வெள்ளியன்று அலுவலகம் உண்டு. துபாய்க்கே குடி பெயரலாமென்றால், வாடகை மலைக்க வைக்கிறது. வேலை போனால் தங்கும் இசைவும் போகும் என்னும் அச்சம் வேறு. வாக்குரிமையற்ற இலட்சக்கணக்கான நம்மவர் இத்தகைய கணக்குகளைப் போட்டுக்கொண்டுதான் அங்கே வாழ்கின்றனர்.

நாங்கள் புறப்பட்டதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். வழியனுப்ப மருமகளும் பேரக் குழந்தைகளும் வந்தனர். மகன் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் விடை கொடுத்தான்.