பந்து யார் கையில்?

நுழையும்முன்
விதியை அறிதல் வேறு. அதன் பொருளை உணர்தல் வேறு. ஆடுகளத்தில் நேர்ந்த பிழையொன்று ஆசிரியர் ஒருவருக்குக் கற்பித்த பாடம் இது.

உத்திரமேரூரை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியராகச் சேர்ந்த தொடக்க நாள்கள் அவை. ஒருநாள் மாலை மாணவியருக்கான கூடைப்பந்துப் போட்டி. உடற்கல்வி ஆசிரியர் வர இயலாமையால், கல்லூரி நாளில் சிறிது ஆடியிருந்த என்னிடம் ஊதலைக் கொடுத்தனர்.

ஆட்டம் முடியச் சில நொடிகளே எஞ்சின. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியின் மாணவி ஒருத்தியை நோக்கி வந்த பந்து, அவள் விரல்களில் பட்டு நழுவித் தரையில் வீழ்ந்து எழும்பியது. அவள் மூன்றடி ஓடி அதனைப் பற்றினாள். பின் தட்டிக்கொண்டே கூடையை நோக்கி விரைந்தாள். அவள் எறியுமுன் ஊதிவிட்டேன்.

"பந்துடன் நடந்தாய், இரண்டாம் முறையும் தட்டினாய்" என்றேன்.

"ஐயா, அப்போது பந்து என் கையில் இல்லையே" என்றாள் அவள்.

"நடுவர் சொல்வதே முடிவு" என்று அவளை அடக்கினேன். அவ்வணி தோற்றது.

அன்றிரவு விதிநூலைப் புரட்டினேன். பந்தை ஏந்தியவர் ஒரு காலை அச்சாக ஊன்றி மறுகாலை எத்திசையிலும் நகர்த்தலாம். தட்டிச் செல்லத் தொடங்குவதாயின், அச்சுக்கால் எழுமுன் பந்து கையைவிட்டு நீங்க வேண்டும். தவறினால் அது 'டிராவலிங்' எனும் விதிமீறல். தட்டிச் செல்பவர் பந்தை இரு கைகளாலும் ஒருசேரத் தொட்டாலோ, கையில் தங்கவிட்டாலோ தட்டல் முடிந்துவிடும். ஆயினும், இவையெல்லாம் பந்து ஒருவரின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பின்னரே பொருந்தும். கைநழுவிய பந்தைத் துரத்தி எடுத்தல் நடையும் ஆகாது, தட்டலும் ஆகாது. அம்மாணவி கூறியது விதியையே!

1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டுக்கு 13 விதிகளை வகுத்தார். பந்துடன் ஓடுபவரை மறித்து வீழ்த்தும் முரட்டுத்தனத்தைத் தவிர்க்கவே, பந்துடன் ஓடலாகாது என்றார். விரைந்து ஓடிவந்து பந்தைப் பிடிப்பவருக்குச் சற்றுச் சலுகை தரவேண்டும் என்பதையும் அவ்விதியிலேயே சேர்த்தார். தட்டிச் செல்லுதல் அந்த 13 விதிகளில் இல்லை. ஆடியோர் கண்டறிந்த வழி அது. பின்னரே விதிக்குள் இடம்பெற்றது.

விதி திருத்தம் பெறுவது எங்கள் ஊருக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்கு கி.பி. 919இல் வகுத்த விதிகளை 921இல் திருத்திப் பொறித்துள்ளனர். கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்னும் விதியில், ஊர்ப்பொருளைக் காக்கும் நோக்கம் தெளிவாகத் தெரிகிறது. கல்லில் வெட்டிய விதியையே திருத்திய மண்ணில் வாழ்ந்துகொண்டு, காற்றில் ஊதிய ஊதலுக்காக நான் பிடிவாதம் கொள்வதா?

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் என் பிழையை அனைவர் முன்னும் கூறி, அம்மாணவியிடம் வருத்தம் தெரிவித்தேன். ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. "பரவாயில்லை ஐயா" என்றாள். ஆனால் அவள் கண்கள் கலங்கியிருந்தன.

ஆண்டுகள் பல கடந்தன. இன்றும் ஒரு மாணவர்மீது குற்றம் சாற்றப்படும்போது, தீர்ப்புக்கு முன் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: பந்து அப்போது அவர் கையில் இருந்ததா?