பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க

தனியாகப் பயணம் போகிறவர்களுக்குத்தான் வழியில் மனிதர்கள் வாய்க்கிறார்கள். ஏன் என்று கேட்டால் சிலர் அதிர்ஷ்டம் என்பார்கள், சிலர் கலகலப்பான சுபாவம் என்பார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. நம் ஊர் ரயில்களை வைத்து நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. தனி ஆளுக்குச் சின்னச் சின்னத் தேவைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவரை விட்டால் வேறு கதி இல்லை. குடும்பத்தோடு போகிறவர் தண்ணீர் பிடிக்க இறங்கினால் சாமான்களுக்கு மனைவியோ மைத்துனனோ காவல் இருப்பார்கள். தனியாகப் போகிறவர் எதிர் சீட்டுக்காரரிடம்தான் “பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க, இதோ வந்துடறேன்” என்று சொல்லியாக வேண்டும். பெயர்கூடத் தெரியாதவரிடம் உடைமையை ஒப்படைக்கிற காரியம் இது. அதன் பிறகு அந்த இருவரும் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இருக்கை அமைப்பே எல்லாவற்றுக்கும் காரணம் என்று வாதிடலாம். ஸ்லீப்பர் பெட்டியின் ஒரு தடுப்பில் எதிரெதிராக ஆறு பேர், சைடில் இரண்டு பேர். ஆர்.ஏ.சி. டிக்கெட் என்றால் ஒரே சைடு லோயரில் முன்பின் தெரியாத இருவர் முட்டி இடிக்க உட்கார வேண்டும். அமைப்புக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏசி மூன்றடுக்கிலும் ஏறக்குறைய அதே எட்டுப் படுக்கைதான். அங்கே பேச்சு பாதியாகக் குறைந்துவிடுகிறது. கம்பளி, தலையணை எல்லாம் இருக்கும் இடத்துக்கே வந்துவிடுவதால் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. நடு பெர்த்தை இரவு 10 மணிக்கு முன் விரிக்கக் கூடாது, காலை 6 மணிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி இருந்தாலும் மூன்று பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் அந்தப் பலகை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் சுமார் 4,200 கி.மீ. ஓடுகிறது, மூன்று நாளுக்கு மேல் ஆகிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் வங்காள, அசாமியத் தொழிலாளர்களோடு அதில் போகிறவருக்குப் பொதுமொழி இல்லாமல் போகலாம். கை ஜாடையில் இடம் மாற்றிக்கொள்வதும், தூங்குகிறவரை எழுப்பி இறக்கிவிடுவதும் அதற்காக நிற்பதில்லை.

பேசுவதற்குத் தேவை எதற்கு, சும்மாவே பேசிவிட வேண்டியதுதானே? பெரும்பாலோர் பேசுவதில்லை. நிகோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு உளவியலாளர்கள் சிகாகோ ரயில் பயணிகளை வைத்து நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. அந்நியரோடு பேசச் சொல்லப்பட்டவர்களுக்குப் பயணம் இனிமையாக இருந்தது. ஆனால் முன்கூட்டியே கேட்டபோது, பேசாமல் போவதுதான் இனிமை என்று மற்றவர்கள் கணித்திருந்தார்கள். எதிரில் இருப்பவருக்குப் பேச விருப்பமிருக்காது என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். உதவி கேட்பது அந்தத் தயக்கத்தைத் தாண்ட ஒரு சாக்கு. ‘ரயில் சிநேகம்’ ஸ்டேஷனோடு சரி, அதனால் என்ன பயன் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. ஸ்டேஷனோடு முடிவதுதான் அதன் பலம். அந்நியனைப் பற்றி 1908இல் எழுதிய ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல், நெருங்கியவர்களிடம் மறைப்பதைக்கூட மனிதர்கள் விலகிப் போகிறவனிடம் சொல்லிவிடுகிறார்கள் என்று கவனித்தார். மகனோடு பேச்சுவார்த்தை இல்லாததைச் சொந்தக்காரரிடம் சொன்னால் அது கல்யாண வீடு வரை போகும்; விழுப்புரத்தில் இறங்குகிறவரிடம் சொன்னால் விழுப்புரத்தோடு போகும்.

இதைவிடக் கனமான ஆட்சேபங்கள் இரண்டு. ஒன்று சாதி. “சொந்த ஊர் எது?” என்பதற்கு அடுத்து “அங்கே எந்தத் தெரு?” என்று வந்தால் அது எதற்கான விசாரணை என்று நம்மில் யாருக்கும் தெரியும். சுதந்திரத்துக்கு முன் தென்னிந்திய ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரின் இயக்கம் அதை எதிர்த்துப் போராடியது. ஒரே பெட்டியில் வந்தவர்கள் இறங்கியதும் பிரிந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆக, ரயில் சாதியைக் கரைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். படுக்கை எண்ணை ஒதுக்கும் கணினி தெருப் பெயரைக் கேட்பதில்லை என்கிற அளவுக்குத்தான் அது உதவும்.

மற்றது பெண்களின் நிலை. அந்நியர் தரும் தின்பண்டத்தை வாங்காதீர்கள் என்று ரயில் நிலைய ஒலிபெருக்கியே எச்சரிக்கிறது. அது வீண் பயமில்லை. தனியாகப் போகும் பெண்ணிடம் “எதுவரைக்கும் போறீங்க?” என்று கேட்பவர் நல்லவராகவே இருக்கட்டும், அவள் பதிலை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் என் வாதத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். தேவையிலிருந்து தொடங்கும் சந்திப்பில் ஆளைத் தேர்ந்தெடுப்பது கேட்பவர்தான். பையை யாரிடம் விடுவது என்று பார்க்கிற பெண், தடுப்பிலுள்ள மற்ற ஏழு முகங்களையும் ஒரு நொடியில் எடை போட்டு, குழந்தையோடு வந்திருக்கும் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவாள். வலிய வந்து பேசுகிறவரிடம் அந்த உரிமை அவளுக்குக் கிடைப்பதில்லை. நான் பரிந்து பேசுவது முதல் வகைக்கு மட்டுமே.

ஆனால் சென்னை–கோவை வந்தே பாரத் ரயிலில் பக்கத்து ஆளிடம் கேட்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. சாப்பாடு இருக்கைக்கு வருகிறது, அடுத்த நிலையம் திரையில் தெரிகிறது, ஆறு மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடுகிறது. அவசர வேலையாகப் போகிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மற்ற ரயில்களிலும் “இது என்ன ஸ்டேஷன்?” என்ற கேள்வியைக் கைபேசி வாங்கிக்கொண்டுவிட்டது. பதிலுக்கு அதுவே ஒரு புதுத் தேவையைக் கொண்டுவந்திருக்கிறது: ஸ்லீப்பரில் எட்டுப் பேருக்குப் போதுமான பிளக் இருப்பதில்லை. “சார், உங்களுக்கு ஃபுல் ஆயிடுச்சுன்னா நான் போட்டுக்கவா?” என்று இப்போது பேச்சு அங்கிருந்து ஆரம்பிக்கிறது.