ஊவா மலைவிளிம்பிலே

இலங்கையின் மலைநாட்டைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லும் நம்மவருட் பெரும்பாலோர் அதனைப் பார்த்தது வாகனத்தின் கண்ணாடி வழியாகவே. நுவரெலியாவில் ஒரு வாவி, ஹக்கலையில் ஒரு பூந்தோட்டம், சீதா எலியவில் ஒரு கும்பிடு, வழியிலே தென்படும் அருவிக்கு எதிரே ஐந்து நிமிடத் தரிப்பு, இவ்வளவோடு மூன்று நாட் சுற்றுலா முடிந்துவிடுகின்றது. வற்றாது ஓடும் ஆறு ஒன்றில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, கிணற்றிலிருந்து இறைத்த நீரையே கண்டு வளர்ந்த மாணவருக்கு, உயர்ந்த பாறையிலிருந்து நீர் தானே வந்து விழும் காட்சி புதுமையானதுதான். ஆயினும் அந்த நீர் எங்கிருந்து வருகின்றது, எவருடைய வாசலைக் கடந்து வருகின்றது என்பதை அறிய விரும்பினால் வாகனத்தைவிட்டு இறங்கி நடத்தல் வேண்டும். அதற்கு ஒரு பகற்பொழுது போதும்.

அத்தகைய நடைக்கு ஊவா மலைகளின் தெற்கு விளிம்பைப் போல் வாய்ப்பான இடம் வேறில்லை என்பது என் துணிபு. ஹோட்டன் சமவெளியிலுள்ள உலக முடிவைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பர். அங்கே தொடங்கும் மலைச்சுவர் அவ்விடத்தோடு நின்றுவிடுவதில்லை. கிழக்கே அப்புத்தளையையும் கொஸ்லந்தையையும் தொட்டு நீண்டு செல்கின்றது. நாட்டின் ஏனைய பக்கங்களிலே மலைகள் படிப்படியாகத் தாழ்ந்து சமவெளியிற் கலக்க, இங்கே மட்டும் அவை வெட்டி நிறுத்தியவைபோல் நின்றுவிடுகின்றன. கடல் மட்டத்துக்கு 1,400 மீற்றருக்கு மேலே உள்ள அப்புத்தளைக் கடைத்தெருவில் நின்று தெற்கே நோக்கினால், காலடியின் கீழே தாழ்நிலத்துக் காடுகள் பாய் விரித்தாற் போலக் கிடக்கும். வானம் தெளிந்திருந்தால் உடவளவை நீர்த்தேக்கமும் வெள்ளித் தகடாய் மின்னும். இலங்கையின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சியாகிய பம்பரகந்தையும் (263 மீற்றர்), அதற்கு அடுத்ததாகிய தியலுமவும் (220 மீற்றர்) இந்த ஒரே மலைச்சுவரிலே விழுகின்றன என்பதைப் புவியியல் மாணவர் மனத்திற் கொள்க.

முதல் நடையை அப்புத்தளையிலிருந்து வைத்துக்கொள்ளலாம். இரயிற் பாதை 1893 ஆம் ஆண்டிலே இவ்வூரை எட்டியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1890 இல், கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகராகிய தோமஸ் லிப்ரன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கித் தம்பேதன்னையிலே தேயிலைத் தொழிற்சாலையை நிறுவினார். தொழிற்சாலை வரை பஸ்ஸிற் சென்று, அங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் தூரம் தேயிலை மலைகளினூடே வளைந்து வளைந்து ஏறினால் 'லிப்ரன் இருக்கை' எனப்படும் முகட்டை அடையலாம். அதன் உயரம் ஏறத்தாழ 1,970 மீற்றர். விடியலிலேயே புறப்படுதல் நன்று. ஒன்பது பத்து மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து முகில் மேலெழுந்து காட்சியை மூடிவிடும். முகட்டிலே துரையின் சிலை ஒன்று வசதியாக அமர்ந்திருக்கின்றது. அதனருகே இருந்து படம் எடுக்காதவர் அரியர். அந்த இருக்கைக்கு ஏறிவரும் வழியைக் கல் அடுக்கிச் சமைத்தவர்களுக்கு அங்கே சிலை இல்லை.

இந்த வழியைப் பற்றி ஒரு வார்த்தை. அண்மைக் காலத்திலே 'பீக்கோ டிரெயில்' என்ற பெயரோடு, கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமான நடைவழி ஒன்று 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. வெளிநாட்டார் பலர் இதனை நாடி வருகின்றனர், வரவேற்கத்தக்கதே. ஆனால் இது புதிதாக வெட்டப்பட்ட வழியன்று. பெரட்டுக் களத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும், லயத்திலிருந்து பள்ளிக்கும் கோவிலுக்கும் தோட்ட மக்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்து நடந்து பதித்த பாதைகளின் தொடர்ச்சியே இது. இம்மக்களின் முன்னோர் இந்நாட்டுக்கு வந்ததும் நடந்தேயாம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே மாத்தளை வரை அவர்கள் நடந்த நெடுவழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானோர் பலர். மலையகத் தமிழர் வரலாற்றின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி அதே திசையிலே நடந்து ஆகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தது. நமது மாணவர் எத்தனை பேர் அதனை அறிவர்?

லிப்ரன் இருக்கைக்கு ஏறும் போதே கவனிக்க வேண்டிய பொருள் ஒன்றுண்டு. தேயிலை நிரைகளுக்கிடையே, சரிவுக்குக் குறுக்காக, ஓரடி இரண்டடி ஆழத்திலே வாய்க்கால்கள் ஓடுகின்றன. தோட்டத்தார் இவற்றைக் 'கான்' என்பர். மழைநீர் சரிவிலே நேரே பாய்ந்து மண்ணை அரித்துச் செல்லாதவாறு அதனை மறித்து, மெல்ல நடத்தி, ஓடையிலே கொண்டுபோய் விடுவது கானின் தொழில். கொழுந்து கொய்யும் பெண்களைப் படம் பிடிப்போர் ஆயிரவர். கான் வெட்டும் மனிதனை நின்று பார்ப்போர் இலர். வழியோரத்திலே மண்வெட்டியுடன் நின்ற முதியவர் ஒருவரிடம் எங்கள் மாணவன் ஒருவன், "ஐயா, இதை வருஷத்திலே எத்தனை முறை துப்புரவு செய்வீர்கள்?" என்று கேட்டான். அவர் சிரித்தார்.

"முன்னெல்லாம் ஓயாம பாப்பாங்க தம்பி. இப்ப ஆளு எங்க இருக்கு? மழை வந்தா நாங்க ராத்திரியில படுத்துக்கிட்டே காது குடுத்துக் கேப்போம். கான்ல தண்ணி சலசலன்னு ஓடுனா தூங்கலாம். மழையும் பேஞ்சு கான்ல சத்தமும் இல்லேன்னா எந்திரிச்சி உக்காந்துக்குவோம்."

"ஏன் ஐயா?"

"தண்ணி வேற எங்க போவும்? மண்ணுக்குள்ளதான்."

வகுப்பறையிலே ஒரு தவணை முழுதும் கற்பிக்கக்கூடிய பாடம் அது. அதன் முழுப் பொருளும் விளங்குவதற்கு இரண்டாவது நடைக்குப் போதல் வேண்டும்.

அந்த இரண்டாவது நடை தியலுமவின் தலைக்கு. கொழும்பு மட்டக்களப்பு நெடுஞ்சாலையிலே, கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயப் பக்கமாக ஆறு கிலோமீற்றர் சென்றால் வீதியிலிருந்தபடியே அருவியைக் காணலாம். கழுத்து நோக அண்ணாந்து பார்த்துவிட்டுப் பலர் திரும்பிவிடுவர். அருவியின் மேற்றளத்துக்குச் செல்ல வழி இரண்டு. கீழிருந்து இறப்பர்த் தோட்டத்தினூடே செங்குத்தாக ஏறுவது ஒன்று. இது காலுக்கும் மூச்சுக்கும் நல்ல சோதனை. கொஸ்லந்தையிலிருந்து பூனாகலை வீதியால் மேலே சென்று, அங்கிருந்து மானாப்புல் வெளியினூடே இறங்கி வருவது மற்றொன்று. சிறுவரும் பெண்களும் உடன் வந்தால் இரண்டாவதே தக்கது. புல் ஆளுயரம் வளர்ந்து கையைக் கீறும். நிழல் மிகக் குறைவு. தண்ணீர்ப் போத்தலை மறத்தல் கூடாது.

மேலே சென்றதும் புல் சட்டென்று விலகிப் பாறைத்தளம் தோன்றுகின்றது. பூனாகலை ஓயா அங்கே ஒரே பாய்ச்சலாய் விழ மனமில்லாததுபோல, பாறையைக் குடைந்து சுனை சுனையாய்த் தேங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிற்றருவியாய் இறங்கி, கடைசியிலே விளிம்பை அடைந்து மறைந்துவிடுகின்றது. கீழே இருந்து பார்க்கும்போது பேரிரைச்சலாய்க் கேட்ட நீர், விளிம்பின் மேலே நின்றால் ஓசையின்றிப் போகின்றது. விழுந்த ஓசை 220 மீற்றர் ஆழத்தில் அல்லவா எழுகின்றது! அம்மௌனமே அபாயம். விளிம்பு எங்கே முடிகின்றது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பாசி படர்ந்த பாறையிலே சப்பாத்தும் வழுக்கும், வெறுங்காலும் வழுக்கும். விளிம்புக்கு மிக அண்மையிலுள்ள சுனையில் இறங்குவோரை வீரர் என்று நான் சொல்லமாட்டேன். மேல்மலையிலே மழை பொழிந்தால் இங்கே வெயில் எறிக்கும்போதே நீர் திடீரெனப் பெருகும். தெளிந்த நீர் கலங்கிய அக்கணமே கரையேறிவிடல் வேண்டும்.

தியலும பற்றி ஒரு பழங்கதை உண்டு. மருத்துவரும் எழுத்தாளருமாகிய ஆர். எல். ஸ்பிட்டல் அதனை எழுதி வைத்திருக்கின்றார். மலைமேல் நாடுகடத்தப்பட்ட இளந்தலைவன் ஒருவன், கணவாய்களெல்லாம் காவலில் இருந்தமையால், தன் காதலியைக் கொடிகளாலே திரித்த கயிற்றினால் மேலே இழுத்தானாம். அவள் பாறையில் மோதி மாண்டாள். அத்துயரைக் காணப் பொறாத தேவர்கள் மலையிலிருந்து நீரைப் பெருகச் செய்து அக்காட்சியைத் திரையிட்டு மூடினார்களாம். நீர் துயரத்தை மூடுகின்றது என்பது கதை. அதே மலையிலே நீர் துயரத்தைத் தந்தது என்பது வரலாறு.

தியலுமவுக்குச் செல்லும் வழியிலேதான் மீரியபெத்தை இருக்கின்றது. 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் காலை, இடைவிடாத மழையின் பின்னர், மேலே இருந்த மலைச்சரிவு பெயர்ந்து வந்து அத்தோட்டத்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்திலே சேறு இருந்தது. சிலருக்குத் தாயும் தந்தையும் இல்லை. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்று 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை சென்றது, போவதற்கு ஓரிடம் செல்லவில்லை. தமக்கென்று ஒரு பேர்ச் காணியுமில்லாத மக்கள் எங்கே பெயர்ந்து செல்வர்? தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே நாட்களைக் கழித்து, 2016 இல்தான் பூனாகலைப் பக்கத்திலே புதுவீடுகளைப் பெற்றனர். மேற்றளத்துச் சுனைகளைத் தேடி மேல்வழியாற் செல்லும் உல்லாசப் பயணிகள் கடப்பது அந்தப் பூனாகலை மலைகளைத்தான். நாங்கள் கீழ் வீதியிலே சற்று நேரம் நின்றோம். மாணவரிடையே பேச்சு எழவில்லை.

கன்னியாய்க் கிடந்த பாறை மேலே தளர்ந்த மண், மண்மேலே தேயிலை, அதன் நடுவே லயம். இதுவே இச்சரிவுகளின் அமைப்பு. கான் தூர்ந்துபோனால் நீர் மண்ணுக்குள் இறங்கி, பாறைமேலே ஊறி, மண்ணின் பிடியைத் தளர்த்துகின்றது. நிலத்திலே புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுப் புறப்படுதல், இருந்த ஊற்று வற்றுதல் ஆகியன சரிவுக்கு முன்னறிகுறிகள். அருவியை உண்டாக்கும் அதே நீரும் அதே செங்குத்தும் மண்சரிவையும் உண்டாக்குகின்றன. 2025 நவம்பர் இறுதியிலே டித்வாப் புயல் கொணர்ந்த பெருமழையால் மலைகள் சரிந்தும் வெள்ளம் பெருகியும் பல நூறு உயிர்கள் மாண்டதை எல்லோரும் அறிவோம்.

ஆகையால் புறப்படுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் விழிப்புக்கு, செம்மஞ்சள் ஆயத்தத்துக்கு, சிவப்பு வெளியேறுதற்கு. மஞ்சள் நிறம் இருக்கும்போதே பயணத்தைத் தள்ளிப்போடுவது ஆசிரியருக்கு அழகு. பாதை திறந்திருக்கின்றதா என்பதை அவ்வூராரிடம் கேட்டறிக. மழை விட்ட தை, மாசி மாதங்கள் நடைக்கு இனியவை. அருவியிலும் நீர் இருக்கும். அட்டைக்குச் சவர்க்காரக் கட்டியொன்று போதும். லயத்து முற்றத்தின் வழியே பாதை சென்றால், அது ஒரு வீட்டின் முற்றம் என்பதை நினைந்து, கேட்டுவிட்டுக் கடந்து செல்க. கொழுந்துக் கூடையுடன் ஏறிவரும் அம்மாவுக்கு வழி விட்டு நிற்க வேண்டியவர் நாமே. நாளொன்றுக்குப் பதினெட்டு இருபது கிலோ கொய்தாற்றான் அவருக்கு முழுப்பேர் விழும், நமக்கோ அவசரமில்லை.

எங்கள் மாணவர் மேற்றளத்திலிருந்து இறங்கும்போது பிளாஸ்ரிக் போத்தல்களும் லன்ச் சீற்றுகளுமாய் இரண்டு சாக்குகள் நிரப்பிக் கொணர்ந்தனர். அவற்றுள் அரைச் சாக்கு, பூனாகலை வீதியோரத்துக் கான் ஒன்றை அடைத்துக் கிடந்தது. அதனை இழுத்தெடுத்த கையோடு கானிலே நீர் ஓடத் தொடங்கிற்று. பையன்கள் அதன் ஓட்டத்தைத் தொடர்ந்து வளைவு வரை ஓடிச் சென்று, ஓடையிலே விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.