பூட்டி வைத்த கணிப்பொறி

முதுமையில் மனிதருக்குப் பலவகைப் பொழுதுபோக்குகள் வாய்க்கின்றன. சிலர் தோட்டம் போடுகின்றனர். சிலர் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளை வரி விடாமல் படிக்கின்றனர். நாமோ, கண்புரை அறுவை முடிந்த கண்ணோடும் சற்றே நடுங்கும் கையோடும், சால்டரிங் கோலை மீண்டும் எடுத்திருக்கிறோம். இராயப்பன்பட்டியில் நம் வீட்டைக் கடந்து செல்வோர், "வாத்தியாருக்கு இந்த வயதில் இதென்ன விளையாட்டு?" என்று நகைப்பதுண்டு. விளையாட்டுத்தான். ஆயினும் அதன் பின்னே நாற்பதாண்டுக் கடன் ஒன்று இருக்கிறது.

1984-85-ஆம் ஆண்டில் நடுவண் அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக நாடெங்கும் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கியது. இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் வடிவமைத்த 'பி.பி.சி. மைக்ரோ' என்பதே அப்பொறி. அந்நாளில் நாம் பணியாற்றிய பள்ளிக்கும் அது வந்து சேர்ந்தது. அதன் நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்தைக்கூட அதில் அடக்க இயலாது. ஆனால் 'பேசிக்' மொழியில் சில வரிகள் எழுதி, பதினாறாம் வாய்பாடு திரையில் தானாக இறங்கி வரக் கண்டபோது, அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அறையின் சாவி நம்மிடம் இருந்தது. தூசி படாதவாறு உறையிட்டோம், அறையைப் பூட்டினோம். மாணவர்களை வரிசையாய் நிறுத்தித் தொலைவிலிருந்து காட்டினோம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் நாள்தோறும் வாசலில் வந்து நிற்பான். "சார், ஒரே ஒரு தடவை நான் தட்டிப் பார்க்கட்டுமா?" என்பான். "கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?" என்போம். ஆண்டு முடிந்தது, அவனும் பள்ளியை விட்டுச் சென்றான். பொறி கெடவேயில்லை. கெடாமலே பழையதாகி, கெடாமலே பயனற்றுப் போயிற்று. அதைக் காத்துவிட்டோம் என்று அன்று பெருமை கொண்டோம். என்னே நம் பேதைமை!

பணி ஓய்வுக்குப் பின் நம்மை மீண்டும் இத்துறைக்கு இழுத்தவள் பேத்தி. பள்ளிக் கண்காட்சிக்காக அவள் வாங்கி வந்த 'ராஸ்ப்பெரி பை பிகோ' என்னும் பலகை, ஒரு விரல் நீளமே இருந்தது. 2021-இல் வெளிவந்த அதன் விலை சில நூறு ரூபாய். நினைவகமோ 264 கிலோபைட்டு, நாம் பூட்டி வைத்த பொறியைப்போல் எட்டு மடங்கு! அதனுள் இயங்குவது 'ஆர்ம்' வகைச் செயலி. அவ்வகையின் முதற்சில்லை 1985-இல் உருவாக்கியவர்கள், பி.பி.சி. மைக்ரோவைச் செய்த அதே ஏக்கார்ன் நிறுவனத்தார். பழைய நண்பரின் பேரப்பிள்ளையைத் தெருவில் சந்தித்தாற்போல் இருந்தது நமக்கு.

நம் மகனுக்குச் சிறியதொரு திராட்சைப் பந்தல் உண்டு. பழம் முற்றும் வேளையில் நீர் மிகுந்தால் கனி வெடிக்கும். குறைந்தால் கொடி வாடும். ஆகவே, மண் காய்ந்தால் சிவப்பு விளக்கு எரியும்படி ஒரு கருவி செய்ய முனைந்தோம். முதலில் நட்ட உலோக முனைகள் சில வாரங்களிலேயே அரித்துப்போயின. ஈர மண்ணில் ஓயாது மின்சாரம் பாய்ந்தால் உலோகம் அரிக்கும். மின்னாற்பகுப்பை ஆண்டுதோறும் கற்பித்த நாமே அதை மறந்தோம்! பின்னர், உலோகம் மண்ணைத் தொடாமல் மின்தேக்குத் திறனால் ஈரம் அறியும் வகையை வாங்கினோம்.

ஒரு ஞாயிறன்று, பூசை முடிந்து நாம் வீடு திரும்புமுன் பேத்தி தானே கம்பிகளை இணைத்திருந்தாள். 3.3 வோல்ட்டில் இயங்கும் முனையில் 5 வோல்ட்டைச் செலுத்திவிட்டாள். பலகை சூடேறி, செயலற்றுக் கிடந்தது.

"தாத்தா, திட்டாதீங்க. ஒயரை மாத்திக் குத்திட்டேன்" என்றாள், வாசலில் நின்றபடியே.

அந்த வாசலில் நாம் கண்டது அவளை மட்டுமா? நாற்பதாண்டுக்கு முன் நின்ற அச்சிறுவனும் அங்கே நின்றான். சினம் நாவின் நுனிவரை வந்தது, அங்கேயே நின்றது.

"போனால் போகட்டும், தாயி. எந்த ஒயரை எங்கே குத்தினாய், காட்டு" என்று அருகில் அமர்த்திக்கொண்டோம். அடுத்த பலகையை அவளே இணைத்தாள். நாம் கைகட்டிப் பார்த்திருந்தோம். இன்று பந்தலில் அவ்விளக்கு எரிகிறது. ஈரம் போதுமா என்று இன்னமும் மண்ணைக் கிள்ளிப் பார்க்கிறான் மகன், அதுவும் நல்லதே.

இப்போது மாலைதோறும் தெருப் பிள்ளைகள் நால்வர் ஐவர் நம் திண்ணைக்கு வருகின்றனர். இதுவரை இரண்டு பலகைகளும் எண்ணற்ற சிறு விளக்குகளும் கருகிவிட்டன. அச்சிறுவனுக்குப் பட்ட கடனை இனி அவனிடம் தீர்க்க இயலாது. இப்பிள்ளைகளிடம் சிறுகச் சிறுகத் தீர்த்து வருகிறோம். நம் இல்லங்களிலும் பிள்ளைகளின் கை படாமல் நாம் பூட்டி வைத்திருப்பவை எத்தனையோ! கெட்டுப்போன பொருளை மீண்டும் வாங்கலாம். வாசலில் நின்று திரும்பிச் சென்ற பிள்ளையை எங்கே போய்த் தேடுவது?