காவிரிக் கரையில் ஒரு கூடைக் கணக்கு

பொங்கல் வெல்லம் என்றால் அது ஜேடர்பாளையம் பக்கத்து வெல்லமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் மாமியாரின் தீர்மானமான அபிப்பிராயம். "சேலத்துக் கடைகளில் கிடைக்காத வெல்லமா?" என்று வாயைத் திறந்தால் போதும், அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்! ஆகவே மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நானும் என் கணவரும் கிளம்பி விட்டோம். அங்கே அவருடைய சித்தப்பா வீடு இருக்கிறது.

வெல்லம் ஒரு சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு என் ஓரகத்தியைப் பார்க்க வேண்டும். சித்தப்பா மகனின் மனைவி அவள். அழகழகாக வயர் கூடை பின்னுவாள். அவற்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு, கேட்பவர்களுக்குக் கூரியரில் அனுப்புவாள். "இனிமேல் பின்னப் போவதில்லை அக்கா" என்று ஒரு வாரத்துக்கு முன் செய்தி அனுப்பியிருந்தாள். என்ன நடந்ததோ என்று மனசு கேட்கவில்லை.

நாமக்கல்லில் பஸ் மாறி, பரமத்தி வழியாகக் கபிலர்மலை வந்ததுமே காற்று மாறிவிடுகிறது. குன்றின் மேல் முருகன் கோயில். கீழே கண்ணுக்கு எட்டியவரை கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். இந்தப் பச்சைக்கெல்லாம் மூலம் ஜேடர்பாளையத்தின் படுகை அணை. காவிரியின் குறுக்கே உயரமில்லாமல் படுத்தாற்போல் கிடக்கும் அணை. இங்கிருந்துதான் ராஜா வாய்க்கால் பிரிந்து, பரமத்தி வேலூர் வட்டாரத்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டு போகிறது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

அணைக்கட்டுப் பூங்காவில் குழந்தைகள் ஊஞ்சலை விட்டு இறங்க மறுத்தார்கள். வெளியே மசாலா தடவிய மீன் வறுபடும் வாசனை ஆளை இழுத்தது. என் கணவர் அந்தப் பக்கம் போனவர் அரை மணி நேரம் திரும்பவில்லை! போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீர் சாதுவாகத் தெரிகிறதே என்று ஆழம் தெரியாத இடத்தில் குழந்தைகளை இறக்கி விடாதீர்கள்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஓரகத்தியின் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்னதாகப் பதினைந்து கூடைகள்! சிவப்பும் மஞ்சளும், சிவன் கண் முடிச்சு. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

"ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலம் வச்சுக் குடுக்கக் கேட்டாங்கக்கா. 40 கூடை. 120 ரூபாய்க்கு மேல தர மாட்டோம்னு சொன்னாங்க. சரின்னு ஒத்துக்கிட்டேன். முன்பணம் கேக்கக் கூச்சமா இருந்துச்சு" என்றாள்.

மகளிர் குழுவில் 3,000 ரூபாய் வாங்கி வயர் எடுத்திருக்கிறாள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து 20 இரவுகள் பின்னியிருக்கிறாள். விரல் நுனி வெடித்து, கழுத்து பிடித்துக்கொண்டு விட்டது. கடைசியில், "படத்தில் பார்த்த நிறம் இல்லையே" என்று சொல்லி 25 கூடைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். கைக்கு வந்தது 3,000 ரூபாய். அதைக் குழுக் கடனுக்குக் கட்டியாயிற்று. 20 இரவு வேலைக்கு மிச்சம், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் இந்தப் பதினைந்து கூடைகள்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன்.

சாயங்காலம் சின்ன மாமனார் எங்களை ஆலைக்கு அழைத்துப் போனார். கரும்பைப் பிழிந்து, சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, அழுக்கு எடுத்து எடுத்துக் காய்ச்சுகிறார்கள். பிழிந்த சக்கையையே காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள், எதுவும் வீணில்லை. பாகு பதமானதும் தொட்டியில் கொட்டி ஆறவிட்டு, சூட்டோடு சூடாக உருட்டுகிறார்கள். 30 கிலோ கொண்ட சிப்பமாகக் கட்டினால், பக்கத்துப் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகும். ஒரு விஷயம் சொல்லி விடுகிறேன்: பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தைத் தேடாதீர்கள். நிறத்துக்காக ரசாயனம் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கலப்பில்லாத வெல்லம் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும்.

அங்கேதான் மாமா மருமகளைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மிணி, ஒரு சிப்பத்துக்கு நான் என்னென்ன கணக்கு எழுதறேன் தெரியுமா? கரும்பு, வெட்டுக் கூலி, வண்டி வாடகை, கொப்பரைகிட்ட நிக்கறவன் கூலி. இத்தனையும் எழுதினாலும், ஏலத்துல விலை சொல்றவன் வேற ஆளு. நான் வாயை மூடிக்கிட்டு நிக்கணும். உன்ற கூடைக்கு விலை சொல்றது நீதானே? அதுல கூலின்னு ஒரு வரி எங்க?"

"வீட்டுல சும்மா இருக்கற நேரத்துல பின்றதுதானுங்க மாமா. அதுக்கு எதுக்குங்க கூலி?"

மாமா சிரித்துவிட்டார். "ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கண்ணு முழிக்கறது சும்மா இருக்கற நேரமா?"

எனக்குச் சுருக்கென்றது. "சும்மா இருக்கிற நேரம்" என்று நாம் எல்லோருமே சொல்லிக்கொள்வதுதானே இது?

அன்று ராத்திரி நானும் அவளும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். அவள் வழக்கமாக விற்கும் பெரிய கூடை 350 ரூபாய். வயருக்கு 150, பெட்டிக்கும் கூரியருக்கும் 80 போனால் மிச்சம் 120. பின்ன ஆகும் நேரம் 9 மணி. மணிக்கு 13 ரூபாய் சொச்சம்! நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாள்கூலியே 336 ரூபாய்.

கையால் செய்து விற்பவர்களின் இந்தக் கஷ்டம் நம் ஊரோடு நிற்பதில்லை. கைவேலைப் பொருள்களுக்கென்றே 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய இணையச் சந்தை எட்ஸி. அது 2022 ஏப்ரலில் விற்பவர்களிடம் பிடிக்கும் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. அங்கே விற்கிறவர்களில் பலர் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தங்கள் உழைப்பில் எவ்வளவு பிறர் கைக்குப் போகிறது என்று கணக்கு வைத்திருந்ததால்தான் அவர்களால் கேட்க முடிந்தது.

நமக்கும் இது நல்ல சமயம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், பாட்டி காலத்து வயர் கூடைக்கு மறுபடி மவுசு. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு வியாபாரிகளும் தங்கள் மாநிலத்துக்குள் பெரிய இணையக் கடைகள் மூலம் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் விதி வந்திருக்கிறது. பான் எண் கொடுத்து அதற்கெனப் பதிவு எண் வாங்கிக்கொண்டால் போதும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாங்கள் எழுதி வைத்தது இது. இப்படி விற்கிற சகோதரிகளுக்கு உபயோகப்படலாம்:

பாதிப் பணம் முன்பணமாக வந்தால்தான் வயர் வாங்குவது. பகல் வெளிச்சத்தில் படம் எடுப்பது. மொத்த ஆர்டர் என்றால் ஒரு மாதிரி அனுப்பி, நிறத்துக்குச் சம்மதம் வாங்கிக்கொள்வது. மணிக்கு 30 ரூபாயாவது கூலி எழுதுவது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடப்பது, தூரத்தில் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பது. மங்கல் விளக்கில் குனிந்து பின்னவே கூடாது.

அந்தக் கணக்குப்படி பெரிய கூடை 500 ரூபாய் ஆயிற்று. "யாருக்கா வாங்குவாங்க?" என்று பயந்தாள். முதல் கூடையை நானே வாங்கிக்கொண்டேன். வெல்லத்தை அதில் வைத்துத்தான் சேலம் வந்து சேர்ந்தோம். மாமியார் வெல்லத்தை விட்டுவிட்டுக் கூடையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்!

பொங்கல் கழிந்து ஒரு மாதம் சென்று அவளே போன் செய்தாள். விலை கேட்டவர்கள் ஆறு பேர். நான்கு பேர் அதிகம் என்று போய்விட்டார்கள். இரண்டு பேர் வாங்கினார்கள்.

"வருத்தமா இருக்கா?" என்றேன்.

"கணக்குப் பார்த்தேனுங்கக்கா. பழைய விலைன்னா ஆறு கூடைக்கு 54 மணி நேரம், 720 ரூபாய். இப்ப ரெண்டு கூடைக்கு 18 மணி நேரம், 540 ரூபாய். காசு கொஞ்சம் கம்மிதான். ஆனா ராத்திரி தூங்கறேனுங்க!"

கட்டிலுக்கு அடியில் இன்னும் ஒன்பது கூடைகள் இருக்கின்றனவாம். ஆறு விற்றுவிட்டது.