சான்றிதழ் நம்முடையது, காண்ட்ராக்ட் யாருடையது?

காண்ட்ராக்டர் என்பது எங்கள் தெருவில் ஏறக்குறைய ஒரு வசவுச் சொல். போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் அடைபட்டு, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத் தோட்டங்களுக்குப் போய் இருட்டினபின் இறங்குகிற பெண்களுக்கு, ஆள் கணக்கு எழுதுகிறவன்தான் காண்ட்ராக்டர். அவர்களின் பாட்டிமார் காலத்தில் அவனுக்குப் பெயர் கங்காணி. துப்புரவு வேலைக்குப் போகிறவர்களுக்கோ அவன் முகமே தெரியாத கம்பெனிக்காரன். கூலியில் ஒரு பங்கு அவன் கையில் நின்றுவிடும், மிச்சம்தான் கீழே வரும். ஏலக்காய் மலையில் விளைகிறது. ஏலம் கீழே போடியில், ஸ்பைசஸ் போர்டு மையத்தில் நடக்கிறது. காய் பறித்த கை ஒன்று அங்கே உட்கார்ந்து விலை கேட்டதை நான் பார்த்ததில்லை.

கொத்தனார் வேலை பார்த்த என் பெரியப்பா மகன், "நானும் டெண்டர் போடப் போறேந்தா" என்றபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீதேன் எம்மே தமிழு படிச்சவளாச்சே, இந்தப் பாரத்தப் படிச்சுச் சொல்லு" என்று காகிதக் கட்டைக் கையில் கொடுத்தார். சேனாவரையர் உரையைப் படித்துப் பரீட்சை எழுதியவள் நான். அந்த நிபந்தனைகள் அதைவிடக் கடினம். ஆனால் சாதி என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி. அந்த ஒரே விதி எங்களை எப்படி வெளியே நிறுத்துகிறது என்பதைத்தான் எழுத வேண்டும்.

முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். முன்னே இதேபோல் வேலை செய்த அனுபவச் சான்று வேண்டும். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அடுத்தது சால்வென்சி, அதாவது இவ்வளவு சொத்து இருக்கிறது என்ற சான்று. அண்ணனுக்கு இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச மனை. மேல்சாதிக்காரர் பிடுங்கிக்கொள்ளக் கூடாதென்றுதான் அதை விற்கக் கூடாது என்ற நிபந்தனை. அதே நிபந்தனையால் சான்று கேட்ட இடத்தில் அந்த மனை சொத்துக் கணக்கில் சேரவில்லை. நம்மைக் காப்பாற்ற வைத்த வேலியே நமக்குத் தடையாகவும் நிற்கிறது.

வாய்ப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2012இல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 20 சதவீதத்தைச் சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும். 2015 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். 2018இல் 20 சதவீதம் 25 ஆனது. நமது 4 அப்படியே நின்றது. அந்த 4 சதவீதத்தைக்கூட எட்டாத ஆண்டுகள் பல. இந்த ஆணையில் முன்வைப்புத் தொகை விலக்கு உண்டு. ஆனால் இது பொருளுக்கும் சேவைக்கும்தான். ரோடு, கட்டிடம் போன்ற வேலைகளுக்குப் பொருந்தாது. அண்ணன் கையில் இருந்த தொழிலோ கொத்து வேலை. மிச்சமிருந்த சேவை என்ன? கட்டிடத்தைக் கூட்டிப் பெருக்குவது. சுற்றிச் சுற்றி விளக்குமாற்றிடமே கொண்டுவந்து விட்டது ஆணை.

இந்தச் செய்தி அண்ணனுக்கு முன்பே இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. பெரிய காண்ட்ராக்டர், மேல்சாதிக்காரர். எங்கள் தெருவுக்குள் அதுவரை கால் வைக்காதவர் வீடு தேடி வந்தார். பணம், ஆள், மிஷின் எல்லாம் அவருடையது. பெயர், சாதிச் சான்று, கையெழுத்து மட்டும் அண்ணனுடையது. மாதாமாதம் ஒரு தொகை வீட்டுக்கு வந்துவிடும். மகள் காலேஜில் சேர்ந்த வருஷம் அது. அண்ணன் மூன்று ராத்திரி தூங்கவில்லை. மதினிதான் கேட்டார்: "பி.எஃப். கட்டலன்னா கோர்ட்டு நோட்டீசு யாரு பேருக்கு வரும்? சம்பளம் கொறஞ்சா பொம்பளைக யாரு வாசல்ல வந்து நிப்பாளுக? லாபம் அவருக்கு, சிறை நமக்கா?" மலைக்குப் போய் கூலிச் சீட்டில் ஏமாந்து பழகியவர் அவர். சட்டம் படித்தவர்கள் சொல்லவேண்டியதை அவர் சொன்னார். அண்ணன் முடியாது என்றுவிட்டார்.

பிறகு ஓர் அலுவலகக் கட்டிடத்தைத் துப்புரவாக்கும் சின்ன ஒப்பந்தம் அவர் பெயருக்கே கிடைத்தது. பன்னிரண்டு பேர், எல்லோரும் சொந்தபந்தம். பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் வைப்பு நிதி, இது போக ஜி.எஸ்.டி. கணக்கு. எல்லாவற்றையும் நோட்டுப் போட்டு எழுதினோம். பில் மட்டும் நாலு மாசமாக வரவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு 45 நாளைக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு வட்டி. சட்டம் நம் பக்கம்தான். வட்டி கேட்டால் அடுத்த டெண்டர் கிடைக்காது, அவ்வளவுதான். சித்தி ஒருத்தி வாசலில் நின்று, "நீயும் காண்ட்ராக்டரு ஆயிட்டியேய்யா" என்றாள். மதினியின் தோடு அடகுக்குப் போய்க் கூலி வந்தது.

இந்தக் கேள்வி நேற்றுப் பிறந்ததல்ல. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகச் சேர்ந்த 1942ஆம் ஆண்டிலேயே, அரசாங்க ஒப்பந்தங்களில் தாழ்த்தப்பட்டோருக்குப் பங்கில்லை என்பதை பாபாசாகேப் அம்பேத்கர் தம் மனுவில் எழுதினார். 2002 ஜனவரியில் போபால் பிரகடனம் மறுபடி கேட்டது. மத்தியப் பிரதேச அரசு தன் கொள்முதலில் 30 சதவீதம் என்று அறிவித்தது. கர்நாடகம் 2017இல் 50 லட்சம் வரையிலான வேலைகளில் 24.1 சதவீதத்தைச் சட்டமாகவே ஒதுக்கி, 2023இல் வரம்பை ஒரு கோடியாக்கியது. ரோடும் கட்டிடமும் அதில் அடங்கும். அமெரிக்காவில் அரசு ஒப்பந்தம் எடுப்பவன் ஆள் சேர்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது, ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்க்க முனைய வேண்டும் என்று 1965இல் ஜனாதிபதி ஜான்சன் ஆணையிட்டார். 2025 ஜனவரியில் டிரம்ப் ஒரே கையெழுத்தில் அதை ரத்து செய்தார். ஆணை என்றால் அவ்வளவுதான். சட்டமாக வேண்டும் என்று நாம் கேட்பது அதனால்தான்.

பங்கு கேட்பதோடு நிறுத்தினால் போதுமா? தலித் முதலாளி வந்தால் தலித் விடுதலை வந்துவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். முதலாளியே வேண்டாம், டெண்டரைத் தொடாதே என்று இன்னும் சிலர். இரண்டு பேரும் சித்தியின் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. டெல்லியில் 2019இல் சாக்கடை அள்ளும் இயந்திர வண்டிகள் 200ஐத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒப்பந்தத்தோடு கொடுத்தார்கள். மனிதன் இறங்கிய இடத்தில் இயந்திரம் இறங்கி, அதன் சாவி அவன் கையில் இருந்தால் அது மாற்றம். அதே குழிக்குள் நம் ஆளை நம் ஆளே இறக்கினால்? 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான். சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலித் காண்ட்ராக்டர் இறக்கினாலும் குழி குழிதான்.

ஆகவே நம் கோரிக்கைக்கு இரண்டு கால் வேண்டும். ஒதுக்கீடு வேண்டும், கூலிப் பட்டுவாடாவுக்குப் பில்லில் முதல் இடமும் வேண்டும். நிபந்தனை மனையையும் கணக்கில் எடுக்கிற சால்வென்சி வேண்டும், பினாமிகளைப் பிடிக்கிற சோதனையும் வேண்டும்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரிலுள்ள மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதுங்கள். போன வருஷம் எவ்வளவுக்குக் கொள்முதல், அதில் 4 சதவீதம் யாருக்குப் போனது என்று கேளுங்கள். பட்டியல் வந்தால் அந்தப் பெயர்களின் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நிற்பது நம் ஆள்தானா, இல்லை நம் சாதிச் சான்று மட்டும்தானா என்பது தெரிந்துவிடும்.